சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் மரக்கறி, கீரை, பயறு வகைகளைக் கூடுதலாக உண்ணும் பழக்கத்துக்கு எவ்வாறு மாறலாம்?

மூன்று வயதும் ஏழு வயதுமான தம் பிள்ளைகள் மீனோ கோழியோ இல்லாமல் சோற்றைத் தொடுவதில்லை என்றும், உடல்நலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ற சாப்பாட்டுக்கு வீட்டை மாற்ற விரும்புவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் திருகோணமலையில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இதே கவலையைப் பெற்றோர் பலர் என்னிடம் சொல்லியிருப்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மீனை நிறுத்துவதிலிருந்து தொடங்க வேண்டாம். நம் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமைகளில் வழக்கமாகச் சமைக்கும் சாப்பாட்டைக் கிழமையில் இன்னுமொரு நாளுக்கு நீட்டுவதிலிருந்து தொடங்குங்கள். பருப்புக்கறி, பூசணிக்காய்ப் பாற்கறி, கீரைச் சுண்டல், கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம் ஆகியவை பிள்ளைகளுக்குப் பழகிய சுவைகள். வெள்ளிக்கிழமை அவற்றை மறுக்காமல் உண்ணும் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமையும் அதே சாப்பாடு அந்நியமாக இராது. கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி என்ற வழக்கம் இல்லை என்றாலும், பலாக்காய்க் கறியும் மரவள்ளிக்கிழங்கும் முருங்கையிலையும் அங்கும் அடுக்களைக்குப் புதியவை அல்ல. கொழும்பு அங்காடிகளில் விலை கூடிய பெட்டிகளில் வரும் வெளிநாட்டுத் தானியங்களைத் தேடிப் போக வேண்டிய தேவை நம்மில் எவருக்கும் இல்லை.

மீன் வேண்டாம் என்று நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. உடல்நலத்தையும் பூமியின் தாங்குதிறனையும் சேர்த்துக் கணக்கிட்டு 2019ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர்கள் அடங்கிய ஈட்-லான்செட் ஆணைக்குழு வெளியிட்ட உணவு அளவுகளில், வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 28 கிராம் மீனும், மாடு, ஆடு போன்றவற்றின் இறைச்சி 14 கிராமும் இடம்பெறுகின்றன. பருப்பு, பயறு, சோயா வகைகளுக்கோ 75 கிராம் ஒதுக்கப்பட்டுள்ளது. மீன் தட்டில் இருக்கலாம், ஆனால் தட்டை நிறைக்கக் கூடாது என்பதே அதன் பொருள். எனவே குழம்பில் மீன் துண்டுகளைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்காயோ கத்தரிக்காயோ சேருங்கள். மீன் வாங்கும்போதும் பெரிய மீனை விட நெத்தலி, சூடை, கீரி போன்ற சிறு மீன்களையே நான் விரும்புவேன். விரைவாகப் பெருகும் இனங்களான அவற்றை முள்ளோடு உண்ணும்போது பிள்ளைக்குக் கல்சியமும் கிடைக்கிறது.

நம் கடலின் பருவமும் இதற்குத் துணை நிற்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது கார்த்திகை, மார்கழி மாதங்களில், கிழக்குக் கடல் கொந்தளிப்பதால் படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். மீன் விலையும் ஏறிவிடும். அதே மழையில்தான் வீட்டுக் காணியில் கீரையும் பயிற்றையும் வெண்டியும் தாமாகவே செழிக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டை மாற்றத் தொடங்குவதற்கு அந்த மாதங்களை விடப் பொருத்தமான காலம் கிடையாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பயறு வகைகளைத்தான். நாம் அன்றாடம் சமைக்கும் மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. பயறு, கௌபி, உழுந்து ஆகியவை நம் வறண்ட வலயத்திலேயே விளைகின்றன. மைசூர்ப் பருப்பைக் கைவிடச் சொல்லவில்லை, அது சத்தானதும் பிள்ளைகள் விரும்புவதும்தான். ஆனால் காலைச் சாப்பாட்டைப் பயறு, கௌபியின் பக்கம் திருப்புவது எளிது. இரவில் ஊறவைத்து, முடிந்தால் ஒரு நாள் முளைக்கவிட்டு அவித்தால் இரும்பு, நாகச் சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் பைற்றேற்று குறைகிறது. அவித்த பயற்றில் தேங்காய்ப்பூவும் சிறிது உப்பும் சேர்த்தால் போதும். உழுத்தம்மா கலந்த பிட்டும் குரக்கன் பிட்டும் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய இலைக்கஞ்சியும் இதே வரிசையில் வருபவை.

முன்பள்ளிகள் பலவற்றில் எந்தக் கிழமைக்கு எந்தச் சிற்றுண்டி என்ற அட்டவணை உண்டு. வீட்டில் கௌபியைத் துப்பும் பிள்ளை, பக்கத்துப் பாயில் இருக்கும் தோழி அதை உண்பதைப் பார்த்துத் தானும் உண்பதை அடிக்கடி காண்கிறேன். அத்தகைய அட்டவணை உங்கள் பிள்ளையின் பள்ளியில் இல்லாவிட்டால், பெற்றோர் கூட்டத்தில் அதை முன்மொழியுங்கள். ஒரு குடும்பம் தனித்து முயல்வதை விட இது பல மடங்கு பயன் தரும்.

பிள்ளை மறுக்கும்போது என்ன செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல். ஒரு புதிய சுவையைச் சிறு பிள்ளை ஏற்பதற்கு எட்டு முதல் பதினைந்து தடவை வரை அது தட்டில் வர வேண்டியிருக்கலாம் என்று பிள்ளை உணவு ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான பெற்றோர் மூன்றாம் தடவையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு தேக்கரண்டி அளவு வைத்தால் வீண்விரயமும் இல்லை. அமெரிக்க உணவியலாளர் எலின் சட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினையை நான் முழுமையாக நம்புகிறேன்: எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க, உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். "கீரையை முடித்தால் பிஸ்கற் தருவேன்" என்று பேரம் பேசினால், கீரை தண்டனை என்றும் பிஸ்கற் பரிசு என்றும் பிள்ளை கற்றுக்கொள்ளும். கீரையை அரைத்து மறைத்துக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை; கண்ணால் காணாத மரக்கறியை விரும்பிக் கேட்கப் பிள்ளையால் முடியாது. இன்னொன்று, நம் கறிகளின் உறைப்பு. மரக்கறியைப் பிள்ளை வெறுக்கிறது என்று நாம் நினைக்கும் பல இடங்களில் அது மிளகாயைத்தான் வெறுக்கிறது. தாளிப்பதற்கு முன் பாற்கறியாகவே ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

முற்றத்தில் நட்ட முருங்கைக் கிளையிலிருந்து இலை உருவுவதையும், சாடியில் வளரும் பசளியைப் பறிப்பதையும் ஏழு வயதுப் பிள்ளையின் வேலையாகவே கொடுத்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உங்கள் இளைய பிள்ளைக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிராம் மரக்கறியும் பழமும், மூத்த பிள்ளைக்கு 350 கிராமும் தேவை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் சேரா. உருளைக்கிழங்குக் கறியோடு சோறு உண்ட பிள்ளை மரக்கறி உண்டுவிட்டது என்று ஆறுதல் கொள்ளும் வீடுகள் நம்மிடம் பல இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மச்சத்தைக் குறைக்கும்போது சில கவனங்கள் வேண்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. தேசிக்காய்ப் புளியோ ஒரு துண்டு கொய்யாப்பழமோ அதே வேளை சாப்பாட்டில் சேர்ந்தால் நிலைமை மேம்படும். சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் நேர்மாறாக நடக்கும், ஆகவே பிள்ளைகளுக்கு அந்த வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். உயிர்ச்சத்து பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லாததால், முட்டை, பால், சிறு மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பிள்ளையின் சாப்பாட்டில் தொடர வேண்டும். முற்றாகச் சைவமாக மாறி முட்டை, பாலையும் தவிர்க்க எண்ணினால், குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ முதலில் பேசுங்கள். இளைய பிள்ளையின் நிறையைக் கிளினிக்கில் தொடர்ந்து குறித்து வாருங்கள். வளர்ச்சிக் கோடு தட்டையானாலோ இறங்கினாலோ அதே மாதத்தில் காட்டுங்கள்.