சாவியைக் கொடுத்த பிறகு

கேள்வி: என் மகனுக்குப் பதினெட்டு முடிந்து, போன மாதம்தான் லைசென்ஸ் வந்தது. அவன் அப்பா தன் பைக்கையே கொடுத்துவிட்டார். நண்பனை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போகப் போகிறானாம். வேண்டாம் என்றால், “அதான் லைசென்ஸ் இருக்கே” என்கிறான். பத்தாவது படிக்கும் தம்பியும் ஓட்டிப் பார்க்கத் துடிக்கிறான். எந்த அளவுக்குக் கண்டிப்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: லைசென்ஸ் இருக்கிறது, சரி. ஆனால் எட்டுப் போட்ட மைதானத்தில் எதிரே லாரி வந்திருக்காது. “இன்னும் முறுக்குடா” என்று சொல்லப் பின்னால் ஒருவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், புதிதாக கார் லைசென்ஸ் வாங்கிய இளைஞர்கள் இரவு 11 முதல் காலை 5 மணி வரை 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டமே உண்டு. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. வீட்டில்தான் போட வேண்டும்.

என் மகனுக்கு ஆறு மாதத்துக்கு மூன்றே விஷயம் சொன்னேன். பின்னால் நண்பர்கள் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மலைப்பாதைக்குப் போவதென்றால் அப்பாவும் கூட வருவார். அப்புறம் ஹெல்மெட். தலையில் கவிழ்த்துக்கொண்டால் போதாது. தாடைப் பட்டை ‘டக்’கென்று மாட்டுகிற சத்தம் கேட்கும்வரை கேட்டைத் திறக்க மாட்டேன். முதல் வாரம் முறைத்தான். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போனது.

இன்னொரு விஷயம் எனக்கே நான் போட்டுக்கொண்டது. ஒருநாள் டியூஷனிலிருந்து வர இருபது நிமிடம் தாமதம். மூன்று முறை போன் அடித்தேன். மூன்றாவது தடவை, ஓட்டிக்கொண்டே பையிலிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறான். சாலையோர மணலில் சறுக்கி விழுந்து, முழங்கை தோல் உரிந்து வந்து நின்றான். பஞ்சு வைத்துத் துடைக்கும்போது, “நீதானம்மா கூப்பிட்ட” என்றான். அன்றிலிருந்து அவன் வண்டியில் இருக்கும்போது நான் போன் செய்வதே இல்லை. போய்ச் சேர்ந்ததும் அவன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். நீங்களும் இதைத்தான் முதலில் செய்யுங்கள் என்பேன்.

சின்னவன் விஷயத்தில் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. பெரியவனையே உட்கார வைத்து இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் உங்கள் கணவர் முன்னால் வைத்துப் பேச வேண்டியவை. வண்டியைக் கொடுத்தவர் அவர்; மீறினால் ஒரு வாரம் சாவியை வாங்கி வைப்பதும் அவர் கையாலேயே நடக்கட்டும். தெருமுனைக் கடைக்குப் போனாலும் அவரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.