திரைக்கதைப் போட்டிக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: முழுநீளத் திரைக்கதை ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். இரண்டாவது டிராஃப்ட், 142 பக்கம். சினிமாவில் தெரிந்தவர் என்று யாரும் இல்லை. ஐந்தாறு சர்வதேசப் போட்டிகளுக்கு அனுப்பலாமா, கட்டணம் தண்டமாகிவிடுமா? கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: இந்த டிராஃப்டை எதற்கும் அனுப்பாதீர்கள். அடுத்ததை ஒன்றிரண்டு போட்டிகளுக்கு அனுப்பலாம். ஐந்தாறு வேண்டவே வேண்டாம்.

வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். 142 என்ற எண்ணைப் பார்த்ததுமே, நீளம் அதிகம் என்று முதல் சுற்று வாசகருக்கு உற்சாகம் வடிந்துவிடும். பெரிய போட்டிகளில் முதலில் படிப்பவர் பிரபல இயக்குநர் அல்ல. சொற்ப ஊதியத்துக்கு அடுத்தடுத்து ஸ்கிரிப்ட்களைப் படித்துத் தள்ளும் ஒரு வாசகர். முதல் பத்துப் பக்கத்துக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். மிச்சத்தையும் படிப்பார்தான், ஆனால் அந்த முடிவை உறுதி செய்துகொள்ளத்தான் படிப்பார்.

“பத்து வருடமாக அண்ணனோடு பேசாத வைராக்கியக்காரன் ரகு” என்று அறிமுகக் காட்சியில் எழுதினால் அதை எந்தக் கேமராவும் எடுக்க முடியாது. “ரகுவின் போன் அடிக்கிறது. திரையில் ‘அண்ணன்’. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிறான்” என்று எழுதினால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். உங்கள் முதல் பத்துப் பக்கத்தில் முதல் வகை வாக்கியங்கள் எத்தனை என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். முழு ஸ்கிரிப்டிலும் அவற்றைக் களைந்தால் பக்கங்கள் தானாகக் குறையும்.

அடுத்து, எந்தப் போட்டி என்பது. நான் பார்ப்பது பரிசுத் தொகையை அல்ல. அங்கே தேறியவரின் ஸ்கிரிப்டைத் தயாரிப்பாளரோ ஏஜென்ட்டோ கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? ஆஸ்கர் விருது தரும் அகாடமி புதிய திரைக்கதையாசிரியர்களுக்காக நடத்தும் நிக்கோல் ஃபெல்லோஷிப்புக்கு அந்த மரியாதை உண்டு. 1992-இல் அதைப் பெற்ற சுசன்னா கிராண்ட் பின்னாளில் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். ஆனால் கூட்டத்தையும் பாருங்கள்: 2013-இல் வந்தவை 7,251 ஸ்கிரிப்ட், ஓராண்டில் தேர்வாகிறவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர் அளவில்தான். 2025 முதல் அகாடமி நேரடியாக ஸ்கிரிப்ட் வாங்குவதில்லை. பொதுமக்களுக்கான வழி, எழுத்தாளர்கள் ஸ்கிரிப்டைப் பதிவேற்றும் ‘தி பிளாக் லிஸ்ட்’ இணையதளம். வேறு மொழியில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றிய ஸ்கிரிப்டை ஏற்பதில்லை என்பது நிக்கோலின் நெடுநாள் விதி. உங்கள் மூலப்பிரதி தமிழில் இருந்தால் அந்தக் கதவைத் தட்டும் முன் அந்த ஆண்டு விதிகளை வரி விடாமல் படியுங்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் திரைப்பட விழாவின் போட்டியும் மதிக்கத்தக்கது. எழுத்தாளர்களை மையமாக வைத்து நடக்கும் விழா அது.

இந்த வரிசைக்குக் கீழே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. மாதாமாதம் விருது, முப்பது நாற்பது பிரிவுகள், கட்டணம் கட்டிய பாதிப் பேருக்கு ‘அரையிறுதி’ முத்திரை, கோப்பை வேண்டுமானால் தனிக் காசு. போன சில ஆண்டுகளில் அங்கே ஜெயித்தவர்களின் பெயர்களை இணையத்தில் தேடுங்கள். ஒருவர் பெயர்கூட ஒரு படத்தின் டைட்டிலில் வரவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். ‘கடைசித் தேதி நீட்டிப்பு’ என்று ஒன்றுக்கு மேல் மின்னஞ்சல் வருகிற இடத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட முறையில் நம்பிக்கை கிடையாது.

திருட்டு பயம் பற்றி. எழுதி முடித்த பிரதிக்குப் பதிப்புரிமை எழுதும்போதே பிறந்துவிடுகிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் இதுதான் நிலை. வெறும் ஐடியாவுக்கு அந்தப் பாதுகாப்பு எங்கும் இல்லை. ஆனாலும் உங்கள் நாட்டில் பதிவு செய்யும் வசதி இருந்தால் செய்துவிட்டு அனுப்புங்கள், பின்னால் சாட்சியாக நிற்கும். நிஜமான ஆபத்து நீங்களே ‘சம்மதம்’ என்று டிக் அடிக்கும் படிவத்தில்தான். ‘நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத உரிமை’ என்ற பொருளில் வரி இருந்தால் நிறுத்துங்கள். அது ஜெயித்தவருக்கு மட்டுமா, அனுப்பிய எல்லோருக்குமா? எத்தனை மாதம்? உரிமைக்குத் தனிப் பணம் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத போட்டிக்கு ஒற்றைப் பக்கம்கூட அனுப்பாதீர்கள். விளம்பரத்துக்காகப் பெயரையும் கதைச்சுருக்கத்தையும் போட்டுக்கொள்வோம் என்றால் பரவாயில்லை.

கூடுதல் கட்டணத்துக்குத் தரும் ‘கருத்துரை’யை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெயர் தெரியாத ஒருவர் எழுதும் ஓரிரு பக்கத்தைவிட, திரைக்கதை படித்துப் பழகிய மூன்று பேர் எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்ற தகவல் உங்களுக்கு அதிகம் உதவும். வீட்டார் அந்த மூவரில் சேர்த்தி இல்லை.

மூன்றாவது டிராஃப்ட் 115 பக்கத்துக்கு வந்ததும், கட்டணம் குறைவாக இருக்கும் ஆரம்பத் தேதிக்குள் அனுப்புங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது என்பார்கள், எடுத்துவிடுங்கள். முதல் சுற்றிலேயே வெளியே வந்தால் அது ஒரே ஒரு வாசகரின் ரசனையாகவும் இருக்கலாம். பெரிய போட்டியில் அரையிறுதி வரை போனால், தயாரிப்பாளருக்கு எழுதும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள், முடிவு வந்த சூட்டோடு. சின்னப் போட்டியின் காலிறுதியை அதில் எழுத வேண்டாம். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது, கேட்கவும் மாட்டார்.