கோயிலுக்குப் போகாத நாளிலும் இலங்கையின் வடக்கே வன்னிச் சனம் கடவுளுக்கு நன்றி சொல்வது எப்படி?

பெரும்பாலும் வாய்திறக்காமல்தான். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியைப் பாருங்கள். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் கொழும்பு போகிற லொறியும் அங்கே நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், திருநீற்றோடு ஏறிவிடுவார். (சிலர் கச்சான் வாங்கத்தான் இறங்குகிறார்கள், பிள்ளையார் கோபித்ததாகத் தெரியவில்லை.)

ஆனால் நன்றி வடிவாகத் தெரிவது வயலில். காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, மழையும் குளமும் கைகொடுத்தால்தான் நெல். தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுப்பார்கள்: முற்றிய கதிரில் கொஞ்சம் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் புது அரிசியைச் சமைத்துப் படைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். அயலுக்கும் பங்கு போகும். முழு வயலும் அறுத்து முடியட்டும் என்று காத்திருப்பதில்லை, கவனியுங்கள். மிச்ச நெல்லை மழை கொண்டுபோனாலும் நன்றி முதலே சொல்லியாயிற்று. எனக்கு விசுவாசம் தெரிவது அந்த அவசரத்தில்தான்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதை எல்லோரும் அறிவார்கள். ஓகஸ்ட் 15இல் மடுவிலுள்ள கத்தோலிக்கக் கோயிலுக்கு, மாதாவிடம் போகிறவர்களில் சைவர்களும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் மாற நேர்த்தி வைத்தது எந்த வாசலிலோ, அந்த வாசலில்தான் கடனைத் தீர்ப்பார்கள்.