பச்சிளம் தோலில் எதைப் பூசலாம்? குழந்தை மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம் ஆகிறது. குளிப்பாட்டியதும் உடல் முழுவதும் பவுடர் போட வேண்டும் என்கிறார் என் மாமியார். பவுடர் போட்டால் புற்றுநோய் வரும் என்கிறாள் என் தோழி. நான் யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, ஈரோடு)

பதில்: இரண்டு தனித்தனிக் கவலைகள் உங்கள் கேள்வியில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. புற்றுநோயைப் பற்றிப் பேசுவதற்கு முன், இன்றே நேரக்கூடிய ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். டால்க் என்பது நிலத்திலிருந்து வெட்டியெடுத்து மாவாக அரைக்கப்படும் ஒரு கனிமம். அதன் துகள்கள் நீரில் கரைவதில்லை. பவுடர் டப்பாவைத் தட்டும்போது எழும் தூசியைக் குழந்தை உள்ளிழுத்தால், அது மூச்சுக்குழாயின் நுண்கிளைகள் வரை சென்று படிந்து, கடுமையான மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். உடை மாற்றும் நேரத்தில் கையில் விளையாடக் கொடுத்த டப்பா முகத்தில் கவிழ்ந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சோளமாவுப் பவுடருக்கு மாறினாலும் தூசி தூசிதான்.

புற்றுநோய் பற்றிய கவலைக்கு அடிப்படை வேறு. டால்க் கிடைக்கும் நிலத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரும் இருப்பதுண்டு; வெட்டியெடுக்கும்போது இரண்டும் கலந்துவிட்டால் ஆபத்து உறுதி. இது தொடர்பான ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்துவந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், தன் பவுடர் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டே, 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகெங்கும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரின் விற்பனையை நிறுத்தி, சோளமாவுக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் டால்க்கை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கது’ என்ற பிரிவில் சேர்த்தது. சான்றின் வலிமையைக் காட்டும் பிரிவு அது. ஒரு முறை பவுடர் போட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது அளந்து சொல்வதில்லை. ஆகவே இதுவரை போட்டதை நினைத்து நீங்கள் அஞ்ச வேண்டாம். இனிமேல் போட வேண்டாம், அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் பவுடர் போடச் சொல்வது குழந்தையின் மடிப்புகளில் வேர்வை தங்கக் கூடாது என்பதற்காக. அந்த அக்கறை சரியானது. கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றுப்பட விட்டாலே அந்த வேலை முடிந்துவிடும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ‘பாரபின் இல்லாதது’, ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும் லோஷனையே விலை பார்க்காமல் வாங்குகிறோம். அது போதுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போதாது. எதற்காகப் போதாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நீர் கலந்த எந்தப் பொருளிலும் கிருமியும் பூஞ்சையும் வளரும். அதனால் லோஷனிலும் ஷாம்புவிலும் கெடாமல் காக்கும் வேதிப்பொருள் ஏதேனும் ஒன்று இருந்தே தீரும். பாரபின்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் சில உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல மிக வலுக்குறைவாகச் செயல்படக்கூடும் என்ற ஐயத்தால், டென்மார்க் 2011இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருட்களில் புரொப்பைல், பியூட்டைல் பாரபின்களைத் தடை செய்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம், அதே வயதுக் குழந்தைகளுக்கு டயப்பர் கட்டும் இடத்தில் பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் இந்த இரண்டும் இருக்கக் கூடாது என்று விதித்தது. மெத்தைல், எத்தைல் பாரபின்களுக்கு வரம்பு வகுத்து அனுமதி தொடர்ந்தது.

டயப்பர் பகுதியை மட்டும் ஏன் தனியாகக் குறிப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே தோல் ஈரத்தில் ஊறியும் உரசியும் புண்பட்டிருக்கும். மேலே டயப்பர் மூடியிருக்கும். பூசியது வெளியேற வழியின்றி உள்ளே இறங்கும். மேலும் 3 கிலோ எடையுள்ள குழந்தையின் தோல் பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர். எடையோடு ஒப்பிட்டால் இது வளர்ந்தவருக்கு உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தோல் வழியே நஞ்சு எவ்வளவு தூரம் போகும் என்பதை பிரான்சு நாடு 1972இல் பெரும் விலை கொடுத்து அறிந்தது. மோரான்ஜ் என்ற குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்னும் கிருமிநாசினி தயாரிப்புத் தவறால் மிகுதியாகக் கலந்துவிட, டயப்பர் புண் வழியே அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி 36 குழந்தைகள் இறந்தன. மருத்துவம் படிக்கும் காலத்தில் இதை வாசித்த நாளிலிருந்து, ‘மேல்பூச்சுத்தானே’ என்ற சொல்லை நான் எளிதாகச் சொல்வதில்லை.

இனி, ‘இல்லாதது’ என்ற சொல்லுக்கு வருவோம். பாரபினுக்குக் கெட்ட பெயர் வந்ததும் பல நிறுவனங்கள் மெத்தைல்ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. அதன் விளைவாகத் தோல் ஒவ்வாமை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாயிற்று. அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதையே அறிவித்தது. கழுவாமல் விடும் பூச்சுகளில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை செய்தது. ஒன்று இல்லை என்று சொல்லும் புட்டி, அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்பதை முன்பக்கத்தில் சொல்வதில்லை. பின்பக்கத்தில் டிஎம்டிஎம் ஹைடான்டாயின், குவாட்டெர்னியம்-15, இமிடசோலிடினைல் யூரியா என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் புட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். இவை தோலுக்கு ஒவ்வாமை தரும் ஃபார்மால்டிஹைடைச் சிறிது சிறிதாக வெளியிடுபவை. கெடாமல் காக்கும் இன்னொரு பொருளான ஃபீனாக்ஸிஎத்தனால் பற்றி அறிஞர்களிடமே ஒத்த கருத்து இல்லை. பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு முகமை அதைக் குழந்தைகளின் டயப்பர் பகுதியில் தவிர்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழுவோ 1 விழுக்காடு வரை பாதுகாப்பானது என்கிறது. கை, கால்களில் பூசும் லோஷனில் அது இருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. டயப்பர் பகுதியில் தவிர்க்கவே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் எதிர்ப்பது நறுமணத்தை. ‘ஃபிராக்ரன்ஸ்’ அல்லது ‘பர்ஃபியூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வேதிப்பொருட்கள் இருக்கலாம். அவற்றின் பெயர்களை அறிய உங்களுக்கு வழியில்லை. கரப்பான் என்னும் தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மணமற்ற பொருளே ஏற்றது. ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’, ‘ஒவ்வாமை தராதது’ என்பன எத்தனை பேரிடம், எப்படிச் சோதித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. இந்திய விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருட்கள் அளவின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட வேண்டும்; அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். எனவே பட்டியலின் கடைசியில் ஒரு பெயரைக் கண்டு ‘மிகக் கொஞ்சம்தான்’ என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வாமைக்கு மிகச் சிறிய அளவே போதும்.

கேள்வி: ஈரத் துடைப்புத் தாள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு குழந்தையின் பின்புறம் சிவந்திருக்கிறது. வேறு நிறுவனத்தின் தாளுக்கு மாறலாமா? (வாசகி, மதுரை)

பதில்: நிறுவனத்தை மாற்றுவதற்கு முன் தாளையே இரண்டு வாரம் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீரும் துவைத்த பருத்தித் துணியும் போதும். பயணத்தின்போது மட்டும் தாள் என்று வைத்துக்கொண்டால் நல்லது. சிவப்பு மடிப்புக்குள்ளும் பரவி, ஓரங்களில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: கடைப் பொருட்களே வேண்டாம் என்று, கண்மை, நலங்கு மாவு, எண்ணெய்க் குளியல் என எல்லாவற்றையும் பாட்டி சொல்லும் முறையிலேயே செய்கிறோம். இதில் தவறு ஏதும் இல்லையே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. மணம் சேர்க்காத தேங்காய் எண்ணெய் நம் ஊர்க் குழந்தைகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்கை ஊதிச் சுத்தம் செய்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் இருமலைத் தூண்டாமலேயே நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும்.

கண்மையில் எனக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. கடைகளில் விற்கும் மை, சுருமா போன்றவற்றில் ஈயம் இருந்தது பல நாடுகளில் நடந்த சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும்; குழந்தையின் இரத்தத்தில் அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மை தடவிய கண்ணைக் கசக்கிய விரல் அடுத்த நொடி வாய்க்குள் போகும். வீட்டில் விளக்குக் கரியில் செய்த மையில் ஈயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் விரலால் கண்ணிமைக்குள் தீட்டும்போது கிருமி போகிறது, கண்ணீர்க் குழாய் அடைபடுகிறது. திருஷ்டிக்காகப் பொட்டு வைக்கத்தான் வேண்டுமென்றால், வீட்டு மையை உள்ளங்காலில் சிறிதாக வைத்து சாக்ஸ் போட்டுவிடுங்கள். பாட்டியின் மனமும் நோகாது.

நலங்கு மாவைச் சொரசொரப்பாக அரைத்துத் தேய்த்தால் பச்சிளம் தோல் கீறிப்போகும். அதில் சேர்க்கும் மஞ்சள்தூளைக் கடையில் உதிரியாக வாங்க வேண்டாம். நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் கலக்கப்படுவது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. குளித்த பின் தலையை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம்.

கேள்வி: சளிக்குத் தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவலாமா? குழந்தைக்கு எட்டு மாதம். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடவே கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே சென்று வலிப்பை உண்டாக்கும் பொருள். ஒரு கிராம் அளவு விழுங்கியே சிறு குழந்தை இறந்தது மருத்துவ ஏடுகளில் உண்டு. கற்பூரம் கலந்த மருந்துத் தைலங்களின் மேலேயே இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் எவ்வளவு கற்பூரம் கரைந்தது என்பதை யாரும் அளப்பதில்லை. காய்ச்சல் இல்லாமல் முதன்முறையாக வலிப்பு வந்த குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ‘சூடம் தடவினீர்களா?’ என்பதுதான். ஆம் என்று பதில் வந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை.

துணிகளுக்கு இடையே போடும் பாச்சை உருண்டையும் இதே கவனத்துக்குரியது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, நாப்தலீன் உருண்டையோடு வைத்திருந்த உடையை உடுத்தினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். பரணில் இருந்து எடுக்கும் பழைய குழந்தைத் துணிகளைத் துவைத்து, மணம் போகும்வரை வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள்.

சூடத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டது தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், பாலும் புகட்ட வேண்டாம். வாயில் மிஞ்சியிருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு, சூடப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, வலிப்பு வருகிறதா என்று பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.