பாதுகாப்பு விதிகளைச் சொன்னால் தொழிலாளர்கள் பகைக்கிறார்கள். புதிதாக வந்த களஞ்சிய மேற்பார்வையாளர் என்ன செய்வது?

"சப்பாத்துப் போடச் சொன்னால் முறைக்கிறார்கள், விட்டுவிட்டால் முகாமையாளர் என்னைக் கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் மாட்டியிருக்கும் இடம் எனக்குத் தெரிகிறது. வயது முப்பதுக்குள் இருக்கும், உயர்தரம் வரை படித்திருப்பீர்கள், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் உங்கள் அப்பாவோடு பழகியவர்களாக இருப்பார்கள். இல்லையென்றால் மன்னியுங்கள், என் கதை அதுதான்.

எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள், கண்டிப்பாக இருங்கள் என்று சொல்வதற்கு நிறையப் பேர் கிடைப்பார்கள். நான் சொல்வது வேறு. ஒரு விதியைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால், அதனால் யாருடைய கூலி குறையும் என்று கணக்குப் பாருங்கள். குறைவது தூக்குகிறவனின் கூலி என்றால் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அது நிற்காது.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஓர் உரக் களஞ்சியத்தில் எனக்கு இந்தப் பொறுப்புக் கிடைத்தது. மூடை தூக்கும் நாட்டாமைகளுக்கு அங்கே மாதச் சம்பளம் கிடையாது, மூடைக் கணக்குத்தான். 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது, இதே ஆட்கள் வெறும் களஞ்சியத்தின் வாசலில் குந்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் வேலை கொஞ்சம் தடைப்பட்டாலும் அவர்கள் முகம் ஏன் கறுக்கிறது என்று எனக்கு விளங்கும். பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்த கனவானுக்கு விளங்கவில்லை. "மனப்பாங்கு மாற வேண்டும்" என்று பலகையில் எழுதிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் முற்றம் சரிவானது. மலையில் சமதரையைத் தேடி யார் களஞ்சியம் கட்டுவார்கள்? லொறி பின்பக்கமாக ஏறி வந்து, முகம் கீழே வீதியைப் பார்த்தபடி நிற்கும். வாசல் திண்ணைக்கும் லொறித் தட்டுக்கும் நடுவே ஒரு பலகை. 50 கிலோ யூரியா மூடையைத் தோளில் வைத்துக்கொண்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். சிந்திய உரம் மழை நாளில் பாகு போலப் பலகையில் படிந்துவிடும். வெறுங்காலோடு போகிறவர் பெருவிரலை ஊன்றிப் பலகையைப் பற்றிக்கொள்கிறார், சப்பாத்துக்காரர் வழுக்குகிறார். ஆகவே சப்பாத்து வேண்டாம் என்பதை மூடத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். பலகையில் குறுக்குச் சட்டம் அடித்து, வேளைக்கு வேளை கழுவ ஆள் வைத்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுக்கவே எனக்கு வாய் வந்தது.

ஒரு நாள் ஆள் பலகையில் இருக்கும்போதே லொறி நகர்ந்தது. ஏற்றி முடிந்துவிட்டது என்று நினைத்த சாரதி கைப்பிரேக்கை எடுத்துவிட்டார். நகர்ந்தது ஒரு சாண்தான். பலகையின் நுனி தட்டின் விளிம்பில் விரலளவுக்குத் தொற்றிக்கொண்டு நின்றது. மேலே நின்றவர் எங்கள் தோட்டத்து மாமா ஒருவர். மூடையை லொறிக்குள் தள்ளிவிட்டுப் பின்பக்கமாகத் திண்ணைக்குப் பாய்ந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பையைத் தேடினார்.

மறுநாளே சொன்னேன்: பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, லொறிச் சாவி என் மேசைக்கு வந்த பிறகுதான் பலகை போட வேண்டும். சாரதிகளுக்குப் பொறுக்கவில்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் அவர்கள், பனி இறங்குவதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரம். "மல்லி (தம்பி), எனக்கே பிரேக் பிடிக்கப் பழக்குகிறாயா?" என்றார் ஒருவர் சிங்களத்தில். கதவைப் பூட்டினேன். அப்போது என்னை முதலில் ஏசியவர் சாரதி அல்ல, பலகையில் தப்பிய அதே மாமா. "மருமகனே, உன் அப்பாவுக்கு மூடை தூக்கப் பழக்கியவன் நான். நீ கதவைப் பூட்டினால் இன்றைய கூலியை உன் கம்பனி தருமா?" கம்பனியிடம் கேட்டேன். தராது.

ஆகவே விதியைத் தூக்குகிறவர்களின் தலையிலிருந்து எடுத்து வாசல் காவலாளியின் கையில் கொடுத்தேன். லொறி வெளியே போவதற்கு வாசல் சீட்டு வேண்டும். உள்ளே வரும்போது சாவியைக் கொடுத்தால்தான் சீட்டு எழுதப்படும், மூடை எண்ணி முடிந்ததும் சாவியும் சீட்டும் சேர்ந்து திரும்பும். கட்டைகளுக்கு நைலோன் கயிறு கோத்துத் திண்ணையிலேயே தொங்கவிட்டோம், யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. நாட்டாமைகளின் கூலியில் ஒரு சதம் குறையவில்லை. முகாமையாளரின் மைத்துனருடைய லொறி வந்த அன்று மேலிருந்து தொலைபேசி வந்தது. சாவி வராமல் பலகை போடமாட்டேன் என்றேன். சாவி வந்தது, முணுமுணுப்போடு. திண்ணையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கட்டை வைக்கச் சொல்லி நான் வாய் திறக்க நேரவில்லை.

சப்பாத்து விடயம் இவ்வளவு அழகாக முடியவில்லை. கம்பனி வாங்கியவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, எங்கள் ஆட்களின் பாதமோ அகலம் கூடியது. ஒவ்வொருவரையும் அட்டையில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளவெடுத்து அனுப்பினேன். மாமா இன்றும் நான் தேநீருக்குப் போகும் நேரம் பார்த்துக் கழற்றிவிடுகிறார்.

"இது தாஜா பண்ணுவது, மேற்பார்வை அல்ல" என்று யாராவது கீழே எழுதுவார்கள். குடித்துவிட்டு மூடை அடுக்கின்மேல் ஏறியவனை அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பியவன் நான், அவன் எனக்குச் சொந்தம் வேறு. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் படித்திருக்கிறேன். மூன்று நாளுக்கு மேல் ஒருவர் முழுக் கூலிக்கு வேலை செய்ய முடியாதபடி காயப்பட்டால் அறிவிக்க வேண்டும் என்கிறது. அப்படி அறிவிப்பதைத் தவிர்க்கவே காயக்காரரை அவசரமாக வரவழைத்து நாற்காலியில் இருத்தி, வேலைக்கு வந்ததாகப் பேர் போடும் இடங்களும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லை என்பீர்கள், இருக்கட்டும். களஞ்சியத்தில் தலைக்கவசம் இல்லையென்றால் அறிக்கை கேட்கிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இடுப்பில் கட்டிய படங்குத் துணியைத் தவிர என்ன காப்பு? குளவி கொட்டி ஆட்கள் சாவது எங்கள் பக்கத்தில் புதிய செய்தியே அல்ல. என் சின்னம்மாவைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில், அவருக்கு அரைப்பேரா முழுப்பேரா, அதாவது அரைநாள் கூலியா முழுநாள் கூலியா என்று தோட்டத்தில் வாதம் நடந்தது. அந்த வாதத்துக்கு எந்தப் பயிற்சியாளரும் கொழும்பிலிருந்து வரவில்லை.

சரி, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். "பாதுகாப்பு விதிகளை வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று தொழிலாளர்களிடம் கையொப்பம் வாங்கும் படிவம் ஒன்று உங்களிடமும் தருவார்கள். அதில் அவசரப்படாதீர்கள். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியதால் காயம் ஏற்பட்டால், அது மரணமாக முடியாதவிடத்து, முதலாளி பொறுப்பிலிருந்து விலக இடம் இருக்கிறது. அந்தப் படிவம் அப்போது யாருக்கு உதவும் என்று யோசியுங்கள். எங்களுக்கு வந்தது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கையொப்பம் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். தமிழில் வந்தது, வரிக்கு வரி எழுத்துப்பிழையோடு. இரவிருந்து அதைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான். அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.