சந்தாவில் நடக்கும் கழகத்தை முதலீட்டாளரிடம் கொடுக்கலாமா?

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் உங்கள் கால்பந்துக் கழகத்தின் கடனை அடைப்பதாகச் சொல்லும் வெளியூர் முதலீட்டாளர், அடுத்த வாரப் பொதுக்குழுவிலேயே கையெழுத்துக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த அவசரமே எனக்கு உறுத்துகிறது.

கழகம் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், அதில் விற்பதற்குப் பங்கு என்று எதுவும் இல்லை. நோக்கத்தை மாற்றவோ வேறு சங்கத்தோடு இணைக்கவோ 10 நாள் முன்னறிவிப்புடன் கூடிய சிறப்புக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கும், ஒரு மாதம் கழித்து இரண்டாவது கூட்டத்தில் அதே அளவு ஒப்புதலும் வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒரே மாலையில் முடியும் காரியமல்ல இது. சங்கத்தைக் கலைத்தாலும் மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

வெளியார் பணமே நஞ்சு என்று சொல்லமாட்டேன். வேல்ஸின் ரெக்ஸம் கழகத்தை 2011 முதல் நடத்திவந்த ரசிகர் அறக்கட்டளை, 2020-இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் இரண்டு நடிகர்களுக்குக் கொடுத்தது. கழகம் அதன் பின் படிப்படியாக மேலேறியது. மாறாக, உரிமையாளர்கள் லண்டனின் விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் புதிய கழகமே தொடங்க வேண்டியதாயிற்று.

எனவே பெயர், சீருடை நிறம், ஊர், மைதானக் குத்தகை ஆகியவற்றை உறுப்பினர் வாக்கின்றி மாற்ற இயலாது என்ற நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். அவர் தரும் பணம் நன்கொடையா, திருப்பிக் கேட்கக்கூடிய கடனா என்பதையும் வழக்கறிஞர் முன்னிலையில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.