மின்னல் ஹாம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புமா?

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஹாம் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்பவர்) வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அகத்தியமலைப் பக்கம் மாலையில் மின்னும்போது, மதுரை நண்பர் 144 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மோர்ஸ் ஒலி, மற்ற வேளைகளில் காதில் விழாதது, ஒவ்வொரு வெட்டுக்கும் அரை நொடி கேட்டு மறைகிறது. மின்னல்தான் திருப்பி அனுப்புகிறதா? இதை வைத்துப் பேசலாமா?"

திருப்பி அனுப்பும், பேசுவதற்குத்தான் போதாது. மின்னல் பாயும் தடத்தில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி வரை சூடேறி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடுவதால், அத்தடம் கணநேரம் உலோகக் கம்பியைப் போல நடந்துகொள்கிறது. 144 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்பக் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 26 கோடி எலக்ட்ரான்கள் வேண்டும். புதிய தடத்தில் அதைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு இருக்கும். தடம் ஆறியதும் அவை காற்று மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ள, எதிரொளிப்பு அடங்கிவிடும். ஒரே மின்னலில் பல வீச்சுகள் அடுத்தடுத்து இறங்குவதால்தான் உங்களுக்கு அந்த அரை நொடியாவது கிடைக்கிறது. மதுரை உங்களுக்கு நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் உயரத்துத் தடத்தை 290 கிலோமீட்டர் வரை இந்த அலை எட்டும் என்பதால் தொலைவுக் கணக்கும் ஒத்துவருகிறது.

எனினும் ஐயம் தீர, எஸ்டிஆர் (கணினி மென்பொருளால் இயங்கும்) ரிசீவரின் வாட்டர்ஃபால் திரையைப் பாருங்கள்; அதில் அலைவரிசைகள் இடமிருந்து வலமாகவும் நேரம் மேல்கீழாகவும் தெரியும். மின்னலின் சொந்த இரைச்சல் திரையின் இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒரே கிடைக்கோடாக விழும். நண்பரின் அலையோ அவருடைய அலைவரிசையில் மட்டும் சிறு குச்சியாக, அந்தக் கோட்டை ஒட்டியே தோன்றும். கோடில்லாமல் குச்சி மட்டும் வந்தால் அது எரிகல் வானில் விட்ட தடத்தில் பட்டுத் திரும்பிய அலையாக இருக்கலாம். சுருதி மெல்ல வழுக்கியபடி பல நொடிகள் நீடித்தால், பெரும்பாலும் திருவனந்தபுரம் விமானத்தில் பட்டுத் திரும்பியதுதான்.

கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறைகளில், ஒரு செய்திக்கு 12.6 நொடி எடுக்கும் எஃப்டி8 இங்கே உதவாது. 72 மில்லிநொடியில் ஒரு செய்தியை முடித்துத் திரும்பத் திரும்ப அனுப்பும் எம்எஸ்கே144 முறையில் முயன்று பார்க்கலாம். ஹாம்கள் பயன்படுத்தும் இன்னொரு அலைவரிசையான 7 மெகாஹெர்ட்ஸில் மின்னலால் கிடைப்பது கரகரப்பு மட்டுமே.

இந்தச் சோதனை இடி காதில் விழாத தொலைவில் மேகம் நிற்கும்வரைதான். நம்மூரில் தென்னையில் ஏற்றிக் கட்டிய ஆன்டெனாக்களே அதிகம். தென்னையோ மின்னலை முதலில் வாங்கும் மரம். ஆகவே மேகம் மலையிறங்குமுன்பே ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு அந்தக் கனெக்டரில் கை வைக்காதீர்கள்.